பளபளப்பான பக்கத்தில் பச்சை மை

காகிதத்தை அடியோடு ஒழிப்பதென்று முடிவாகிவிட்ட மகிழ்ச்சியான செய்தி, 2006ஆம் ஆண்டின் தொடக்கத்தில், எட்டுப் பக்கச் சுற்றறிக்கையாக, மூன்று பிரதிகளில், தலைமையாசிரியை கலைமணிக்கு வந்து சேர்ந்தது. அனுப்பியது, கடலூர்க் கல்வி அலுவலகத்தில் அப்போதுதான் திறக்கப்பட்டிருந்த குறுந்தகட்டுப் பிரிவு. இனிப் பள்ளிகளின் விண்ணப்பங்கள் யாவும் குறுந்தகட்டில் மட்டுமே ஏற்கப்படும். காகிதத்தில் வருபவை ‘காலத்துக்கு ஒவ்வாதவை’ எனக் கருதித் திருப்பப்படும்.

அந்த ஆண்டு நாடெங்கும் சிடி மோகம். சிதம்பரத்தில் காதுகுத்துக்கும் சிடி போட்டார்கள். சோதிடர் ஒருவர் ஜாதகத்தையே சிடியில் கொடுத்தார். மாப்பிள்ளை வீட்டார் அதை வெற்றிலைத் தட்டில் பயபக்தியோடு வாங்கிக்கொண்டு, தெருவில் யார் வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிறது என்று விசாரித்தார்கள். ஊரே சுழலும்போது அலுவலகம் மட்டும் அசையாதிருப்பது முறையல்ல.

கலைமணியின் பள்ளி சேத்தியாத்தோப்பைத் தாண்டிய ஒரு சிற்றூரில் இருந்தது. பத்தாம் வகுப்பு வரைதான். அதற்கு மேல் அவ்வூர்ப் பெண்கள் நடவுக்குப் போனார்கள், அல்லது மணவறைக்குப் போனார்கள். பிளஸ் ஒன் கேட்டு அவர் அனுப்பிய காகிதங்கள் யாவும் ஒவ்வாதவை ஆகிவிட்ட நிலையில், கணக்கில் முதலாவதாக வரும் சிந்துஜாவின் தாய் மலர்க்கொடி பள்ளிக்கு வந்தாள்.

“டீச்சர், ஜூன்ல இங்கயே பிளஸ் ஒன் வந்துட்டா, இவ அப்பாவ நான் சமாளிச்சிடுவேன். வரலன்னா விருத்தாசலத்து மாப்ளைக்கு முடிச்சிடுவாரு. அவுங்க தட்டு மாத்த நாளு பாக்கறாங்க.”

“வரும் மலர்க்கொடி.”

“எப்புடி வரும்?”

“சிடியில வரும்.”

மலர்க்கொடிக்கு அது விளங்கவில்லை. கலைமணிக்கும் முழுதாக விளங்கியிருந்தது என்று சொல்வதற்கில்லை.

வகுப்பறை, கழிப்பறை, சுற்றுச்சுவர் எனப் படங்களெடுத்து, பெண்களின் விவரங்களைச் சேர்த்து, வீட்டுக் கணினியில் ஒரு சிடியில் பதிந்து, அவரே கடலூருக்குப் பேருந்து ஏறினார். பிரிவின் எழுத்தர் சின்னையன் அதை இரு கைகளாலும் வாங்கினார்.

“எல்லாம் சரி மேடம். சான்றொப்பம் எங்க?”

“எதுல?”

“இதுலதான். கெஜட்டட் ஆபீசர் கையெழுத்து இல்லாத டாக்குமென்ட்ட நான் எப்படி நம்புறது?”

“நானே கெஜட்டட் ஆபீசர்தான்.”

“ஒங்க பல்ல நீங்களே புடுங்கிப்பீங்களா மேடம்? எங்க சார் போடுவாரு, குடுங்க.”

பிரிவு அலுவலர் சிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு பக்கத்தில் அதைத் தயாரித்த கம்பெனியின் பெயர் பெரிதாக அச்சாகியிருந்தது. தனியார் விளம்பரத்தின் மீது அரசு முத்திரை விழலாமா? விழலாகாது. மறு பக்கமோ எழுத்தின்றி, மாசின்றி, அரசுக்கென்றே ஒதுக்கி வைத்ததுபோல் பளபளத்தது. அவர் அதில் முகம் பார்த்துத் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டார். வட்ட முத்திரையை நடு ஓட்டையை ஒட்டி அழுந்தக் குத்தினார். பச்சை மையில் தாராளமாகக் கையெழுத்திட்டார்.

“இதுதான் இனிமே ஒரிஜினல். இதுலேர்ந்து அஞ்சு நகல் எடுத்து மாசக் கடைசிக்குள்ள குடுத்துடுங்க.”

வீட்டில் கணினி அந்த ஒரிஜினலை விழுங்கியது, முனகியது. திரையில் ஊர்ந்துகொண்டிருந்த நீலப் பட்டை ஓரிடத்தில் நின்றுவிட்டது. காலையில் முடுக்கிவிட்டுப் பள்ளிக்குப் போனவர் மாலையில் திரும்பியபோதும் அது அங்கேயே நின்றது. கலைமணியின் கணவர் ராஜமாணிக்கம், தாலுக்கா அலுவலகக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர், எதிரில் நாற்காலி போட்டு அதற்கு மரியாதையாகத் துணையிருந்தார்.

“அப்படியே நிக்குதுங்க.”

“நிக்கட்டும். பரிசீலனையில இருக்குது. வெரட்டாத.”

“கம்ப்யூட்டர்லயே எல்லாம் இருக்கே. அதுலேர்ந்து நேரா அஞ்சு சிடி போட்டுட்டா என்ன?”

ராஜமாணிக்கம் திடுக்கிட்டார். “அதுக்குப் பேரு போலி! சான்றொப்பம் ஆனதுலேர்ந்து எடுத்தாதான் நகல். சர்வீஸ் பூரா நான் அந்தத் தப்ப செஞ்சதில்ல.”

ஆகவே, கடைத்தெருவில் ‘கம்ப்யூட்டர் கிளினிக்’ நடத்திய எழிலன் வரவழைக்கப்பட்டான். டை கட்டியிருந்தான். கணினியின் மேல் கை வைத்துச் சூடு பார்த்தான்.

“ரேம் பத்தாது அக்கா.”

ரேம் மாற்றப்பட்டது. பட்டை நகரவில்லை.

“சிடி எழுதுற ரைட்டர் வீக்கா இருக்குது.”

புது ரைட்டர் வந்தது. பட்டை, புதிய ரைட்டரிலும் பழைய இடத்திலேயே நின்றது.

“வெத்து சிடிதான் மட்டம். பரங்கிப்பேட்டையில சிங்கப்பூர் சிடி கெடைக்கும், அதப் போட்டா பறக்கும்.”

கலைமணி பரங்கிப்பேட்டைக்குப் போய் வந்தார். சிங்கப்பூர் சிடி, உள்ளூர் சிடியைப் போலவே பொறுமையாகக் காத்திருந்தது. எழிலன் நெடுநேரம் சிந்தித்தான்.

“ஃபார்மட் அடிச்சிடலாம். புதுப் பொண்ணு மாதிரி ஆயிடும்.”

அடித்தான். கணினி புதுப் பெண்ணைப் போலவே, பிறந்த வீட்டு நினைவு ஒன்றும் இல்லாததாகிவிட்டது. படங்கள் இல்லை, பெண்களின் விவரங்கள் இல்லை.

“எல்லாம் போயிடும்னு நீ சொல்லலியே எழிலா?”

“நீங்க கேக்கலியே அக்கா.”

ராஜமாணிக்கம் மட்டும் நிறைவாகத் தலையசைத்தார். “நல்லதாப் போச்சு. இனிமே போலிக்கு எடமே இல்ல. ஒரிஜினல் ஒண்ணுதான்.”

அந்த ஒன்றுதான் நகரவில்லை. கெடு நெருங்கியது. விருத்தாசலத்தார் நாள் குறித்துவிட்டதாக மலர்க்கொடி சொல்லியனுப்பினாள்.

கலைமணி விடைத்தாள் திருத்துகிறவரின் நிதானத்தோடு உட்கார்ந்தார். பள்ளி ஆண்டு விழா சிடி ஒன்றை எடுத்துக் கணினியில் போட்டு நகலெடுத்தார். அடுப்பில் பால் பொங்குவதற்குள் நகல் வெளியே வந்தது. எனில், கணினியின் மேல் குற்றமில்லை. ரைட்டரின் மேல் குற்றமில்லை. சிங்கப்பூரின் மேலும் குற்றமில்லை. அவர் ஒரிஜினலைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். இயந்திரம் எந்தப் பக்கத்தில் ஒளி பாய்ச்சிப் படிக்க வேண்டுமோ, அந்தப் பக்கத்தின் கண்ணிலேயே அரசு குத்தியிருந்தது.

முதலுதவிப் பெட்டியிலிருந்து ஸ்பிரிட்டும் பஞ்சும் எடுத்து, மெல்லத் துடைத்தார். ராஜமாணிக்கம் அப்போது உள்ளே வந்தார்.

“அடிப்பாவி! கவர்மென்ட் சீலு!”

“சீலுதாங்க வழிய அடைச்சிக்கிட்டு நிக்குது.”

“நிக்கட்டுமே! சீலு பின்ன எதுக்கு இருக்குது?”

அரசு முத்திரையை அழிப்பது எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் வரும் என்று அவர் நினைவுகூர்ந்து முடிப்பதற்குள் ஐந்து நகல்களும் முடிந்துவிட்டன.

கடலூரில் சின்னையன் ஆறு சிடிகளையும் புரட்டினார். முகம் வாடிற்று.

“ஒண்ணுலயும் சீல் இல்லயே மேடம். ஒரிஜினல்லயே காணமே!”

“சீல் இருந்தா ஓடல சார். இப்ப ஓடுது. போட்டுக் காட்டவா?”

“எதுல?”

பிரிவுக்குக் கணினி இருக்கத்தான் இருந்தது. பிளாஸ்டிக் உறை கழற்றப்படாமல், பிரிவின் திறப்பு விழாப் பூசையில் வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து கிடந்தது.

“ஆப்பரேட்டர் போஸ்ட்டு இன்னும் ஃபில்லப் ஆவல மேடம்.”

“அப்ப இந்த சிடியெல்லாம் யாரு பாக்கறாங்க?”

“பாக்கறதா? கோத்து வைக்கவே ஆளில்ல.” பின்னாலிருந்த அலமாரியைக் காட்டினார். மாவட்டத்துப் பள்ளிகளின் தேவைகளெல்லாம் கோப்புக் கயிற்றில் கோக்கப்பட்டு, முறுக்குச் சரம்போலத் தொங்கின. “நடுவுல ஓட்ட போட்டே வருது பாருங்க, ரொம்ப சௌரியம். காயிதம்னா நாமதான் குத்தணும்.”

“சீல் குத்துனா இது மறுபடி ஓடாது சார்.”

“ஓடுறதுக்கா குடுக்கறீங்க? ஆர்டர் வாங்கத்தான குடுக்கறீங்க?”

கலைமணி வாதாட வாயெடுத்தார். சிந்துஜாவை நினைத்தார். அலுவலர் முத்திரையை ஏந்தி வந்தபோது, “இன்னும் கொஞ்சம் நல்லாப் பதியட்டும் சார்” என்று சொன்ன குரல் தம்முடையதுதானா என்று அவருக்கே ஐயமாயிருந்தது.

ஜூன் முதல் வாரம், ஒரு சனிக்கிழமை, பதிவுத் தபால் வந்தது. முகப்புக் கடிதம் ஒரு வரிதான்: ‘இத்துடன் இணைக்கப்பட்டுள்ள குறுந்தகட்டில் கண்டவாறு நடவடிக்கை மேற்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.’ கூடவே ஒரு சிடி. பளபளப்பான பக்கத்தில் முத்திரை, பச்சை மை.

பள்ளியில் கணினி கிடையாது. சிடியோடு அவர் வீட்டுக்குப் புறப்பட, மலர்க்கொடியும் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு அதே பேருந்தில் ஏறிவிட்டாள். கணினி சிடியை விழுங்கியது, முனகியது, எதையும் திறக்க மறுத்தது.

“என்னா டீச்சர் போட்டிருக்குது? உண்டா, இல்லியா? திங்கக்கெழம அவுங்க தட்டோட வர்றாங்க.”

ராஜமாணிக்கத்தால் ஆவலை அடக்க முடியவில்லை. அவரே ஓடிப்போய் ஸ்பிரிட் பாட்டிலைக் கொண்டுவந்தார். “தொடைச்சிடு கலைமணி, தொடைச்சிடு. உள்ள என்ன எழுதியிருக்கான்னு பாத்துடுவோம்.”

கலைமணி பஞ்சைக் கையில் வாங்கினார். சிடியைப் பார்த்தார், அதில் முத்திரை விட்டுவைத்த இடத்தில் சிந்துஜாவின் முகம் தெரிந்தது. பஞ்சைக் கீழே வைத்தார்.

“தொடைச்சா சீல் போயிடும். சீல் இல்லாத ஆர்டர் எப்படிங்க செல்லும்?”

ராஜமாணிக்கம் ஸ்பிரிட் பாட்டிலைத் திருகி மூடினார். சர்வீஸ் பூரா அவர் சொல்லிவந்ததும் அதுதான்.

“மலர்க்கொடி, திங்கக்கெழம வந்து சேத்துடு. ஆர்டர் வந்துடுச்சு.”

பதினொன்றாம் வகுப்பு தொடங்கியது. மேற்பார்வைக்கு வந்த அதிகாரி ஆணையைக் கேட்டார். சிடியை வாங்கி முத்திரையைப் பார்த்தார். “ம், சரியா இருக்குது” என்று கையெழுத்திட்டுப் போனார்.

ஆகஸ்டில் குறுந்தகட்டுப் பிரிவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. மேற்படி ஆணையின் அலுவலக நகல் திறக்க இயலாத நிலையில் உள்ளதால், அதில் இப்பிரிவு பிறப்பித்தது அனுமதியா மறுப்பா என்பதைத் தலைமையாசிரியை உடன் தெரிவிக்க வேண்டும்; பதில் குறுந்தகட்டில் மட்டுமே ஏற்கப்படும்.

கலைமணி பரங்கிப்பேட்டைச் சிடிகளில் மிச்சமிருந்த ஒன்றை எடுத்தார். அதில் எதையும் பதியவில்லை. பள்ளி முத்திரையைப் பளபளப்பான பக்கத்தில் அழுந்தக் குத்தி, பச்சை மையில் கையெழுத்திட்டு, அன்றைய தபாலிலேயே அனுப்பிவைத்தார்.

பதில் திருப்திகரமாக இருந்ததாக, ஒரு வாரத்தில் காகிதத்தில் தகவல் வந்தது.