கட்டிலில் கடை விரித்த பார்டர் மாமா

பசியே இல்லாதவர்களுக்கும் சோறு விற்கத் தெரிந்த மனிதர் ஆரணியில் ஒருவர்தான். அவர் பார்டர் மாமா. அதுவும் படுத்தபடியே விற்பார்.

பட்டுச் சேலைக் கடையில் முப்பது வருஷ சேல்ஸ்மேன். அலமாரி ஏணியிலிருந்து விழுந்து, காலில் கட்டோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார். எதைப் பார்த்தாலும் முதலில் பார்டரைத்தான் சொல்வார். டாக்டர் கோட்டுக்குப் பார்டர் போதாது. தோசைக்குப் பார்டர் பிரமாதம். வார்டில் யாருக்கும் அவர் நிஜப் பெயர் தெரியாது.

சின்ன ஆஸ்பத்திரி, பெரியவர், குழந்தை எல்லாருக்கும் ஒரே வார்டு. அவருக்குப் பக்கத்துக் கட்டிலில் என் மூன்று வயது மகள் யாழினி. காய்ச்சல் விட்டும் நான்கு நாளாகச் சாப்பிட வாயைத் திறக்கவில்லை. சாயங்காலத்துக்குள் ஏதாவது சாப்பிடாவிட்டால் மூக்கில் டியூப் போட வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். போனில் தேடினேன். ஓரிடத்தில் கெஞ்சச் சொன்னார்கள், இன்னோரிடத்தில் கெஞ்சக் கூடாது என்றார்கள். இரண்டையும் செய்தேன்.

அன்று காலை எதிர்க் கட்டில்காரர், வயிற்று ஆபரேஷன் ஆன தேவிகாபுரத்து விவசாயி, கஞ்சி வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாமா விடவில்லை. "குடிக்க வேணாங்க. சும்மா பாருங்க, பாக்கறதுக்கு இன்னா?" என்றார். விவசாயி பார்த்தார். பிறகு மாமா டம்ளரைக் கையில் பிடித்துப் பார்க்கச் சொன்னார். அப்புறம், இது உங்களுக்குச் சரிப்படாது, கொடுத்துவிடுங்கள் என்றார். விவசாயிக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரே மடக்கில் டம்ளர் காலி.

வெட்கத்தை விட்டு மாமாவிடம் உதவி கேட்டேன்.

யாழினியைத் தன் கட்டிலில் உட்காரவைக்கச் சொன்னார். துண்டை விரித்து, நான் கொண்டுவந்திருந்த இட்லி, பருப்பு சாதம், மசித்த வாழைப்பழம் எல்லாவற்றையும் பரப்பினார். எது வேண்டும் என்று கேட்கவே இல்லை. அவள் விரல் மெதுவாக இட்லியைத் தொட்டது.

"ஆ காட்டு கண்ணு" என்று பாய்ந்தேன். விரல் பின்வாங்கியது. மாமா எல்லாவற்றையும் எடுத்து மறுபடி பரப்பினார். இந்த முறை நான் பேசவில்லை. பெருமூச்சு மட்டும் விட்டேன். அதற்கே அவள் திரும்பிக்கொண்டாள்.

"யம்மா, சேலை எடுக்கற பொம்பளைங்க பின்னாடி புருஷன் நின்னுகினு மூச்சு விடுவான் பாருங்க, அப்படி விடறீங்க. அந்த மூச்சு கேட்டா ஒரு சேலையும் போகாது. வெளிய பெஞ்சுல உக்காருங்க."

பெற்றவளையா வெளியே அனுப்புவது? கதவு வரை போய்த் திரும்பினேன். "வெளிய," என்றார்.

உட்கார்ந்தேன், எழுந்தேன். தொண்டையில் அடைத்துக்கொண்டால்? கால் உடைந்தவர் எப்படி எழுந்து வருவார்? முன்பின் தெரியாதவரிடம் பிள்ளையை விட்டவளை ஊர் என்ன சொல்லும்? கதவிடுக்கில் எட்டிப் பார்த்தேன்.

யாழினி ஒரு துண்டு இட்லியை அவர் வாயில் திணித்தாள். அடுத்த துண்டைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். தன் வீட்டிலிருந்து வந்த சாப்பாட்டுக் கேரியரில் ஓர் அடுக்கைச் சற்று முன்தான் காலி செய்திருந்தார் மனிதர், விழி பிதுங்கியது. ஆனாலும் வாயைத் திறந்தார். அவருக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று.

சத்தமில்லாமல் பெஞ்சுக்குத் திரும்பினேன். சற்று நேரத்தில் நர்ஸ் வந்து அந்தக் கேரியரின் இன்னோர் அடுக்கை நீட்டினாள். எலுமிச்சை சாதம்.

"பெஞ்சுல உக்கார வச்சவங்களுக்குச் சேலைக் கடையில காபி குடுப்பாங்களாம். இங்க காபி இல்ல, மாமா இத சாப்பிடச் சொன்னாருங்க. நீங்களும் நாலு நாளா சரியா சாப்பிடலையாமே."

நீ சாப்பிட்டாயா என்று யாருமே என்னைக் கேட்டிருக்கவில்லை. நானும் நினைத்துப் பார்க்கவில்லை. கட்டிலை விட்டு நகர முடியாத அந்த மனிதர், நான்கு நாளாகப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.