பொட்டலக் காகித விஞ்ஞானி

இவரை நீங்கள் அறிவீர்கள். குற்றாலத்தில் சீசன் பிறந்ததும் வறுகடலை வாங்குவார்; கடலையை மனைவி கையில் கொட்டிவிட்டுப் பொட்டலத்தைப் பிரித்துப் படிப்பார். எந்தச் சஞ்சிகை எந்த வரியில் கிழிபட்டதோ, அந்த வரி வரைக்கும் இவருக்கு ஞானம் உண்டு. அதற்கு மேல்? சொந்தச் சரக்கு.

மேலகரம் காந்திமதிநாதன் இந்த இனத்தில் அசல். ஐம்பத்தெட்டாம் வருஷத்து ஆனிச் சாரலில் அவருக்கு ஒரு மருத்துவக் கட்டுரை பாதி கிடைத்தது. அன்று முதல் அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தவர் ஒருவரும் தப்பவில்லை.

"அண்ணாச்சி, கோவம் வந்தா உடம்புல அட்ரினலின்னு ஒண்ணு ஊறுது. அது சாவி. ரத்தக்குழாய்ச் சுவத்துல பூட்டு இருக்கு. சாவி நுழைஞ்சா தசை இறுகுது, பிரஷர் ஏறுது. சர்ப்பகந்தி வேர்ல உள்ள ஆல்கலாய்டுங்கிற சத்து முந்திப் போயி பூட்டுத் துவாரத்தை அடைச்சிருது. சாவி வெளிய நிக்கும், குழாய் தளந்துரும்!"

அந்தத் தசைக்கு 'ஸ்மூத் மசில்' என்று பெயர் போட்டிருந்தது. எண்ணெய் தேய்த்து வழுவழுப்பாக்கிய தசைதான் அது என்பது நம்மவர் கண்டுபிடிப்பு. ஆகவே கஷாயம் உள்ளே, நல்லெண்ணெய் வெளியே!

ஆவணியில் மகள் முத்துவடிவுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளையின் தகப்பனார் ஆவுடைநாயகம் குற்றாலக் குளியல் ஆசையில் முந்தின நாளே வந்திறங்கினார். அவருக்கு ரத்தக்கொதிப்பு. நம்மவர் விடுவாரா? விடிந்ததும் எண்ணெய் தேய்த்துவிட்டு, பொட்டலக் காகிதத்தைக் காட்டி ஒரு செம்பு வேர்க் கஷாயத்தை நீட்டினார்.

"ஏற்கெனவே டாக்டர் மாத்திரை திங்குதேனே?"

"அது வேற, இது வேரு!"

மாத்திரையும் அதே வேரில் செய்ததுதான். அந்தச் செய்தி மறுபாதிக் காகிதத்தோடு போய்விட்டது.

தாம்பூலத் தட்டு மாற்ற எழுந்தார் ஆவுடைநாயகம். பூட்டெல்லாம் அடைபட்டுக் குழாய்கள் தளர்ந்து கிடந்தன. ரத்தம் தலைக்கு ஏறாமல் காலிலேயே தங்கிவிட்டது. தட்டோடு ஜமுக்காளத்தில் சரிந்தார். "அபசகுனம்லா!" என்று ஒரு குரல் எழுந்தது. முத்துவடிவு சுவரைப் பிடித்துக்கொண்டாள். பெண்ணின் கல்யாணத்தைத் தன் கையாலேயே காய்ச்சிக் குடிக்கக் கொடுத்துவிட்டோமே என்று பதறி, டாக்டரை அழைக்க ஓடினார் காந்திமதிநாதன்.

டாக்டர் வந்து காலைத் தூக்கி வைத்துக் காத்திருந்தார். மெல்லக் கண் திறந்தது.

"சம்பந்தி..." என்றார் ஆவுடைநாயகம். காந்திமதிநாதனுக்குப் போன உயிர் அந்தச் சொல்லில் திரும்பியது. "கல்யாணம் நடக்கும். ஆனா எங்க வீட்டுக்கு வரும்போது மட்டும் கடலையை ஓலைக்கொட்டான்ல வாங்கிட்டு வாரும்."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். பூட்டு, சாவி, ஆல்கலாய்டு எல்லாம் இப்போது உங்களுக்கும் அத்துப்படி. நீங்கள் படித்ததும் ஒரு துண்டுக் காகிதம்தான். அது கிடக்கட்டும், சாயங்காலம் உங்கள் மைத்துனர் வருகிறாராமே? அவருக்குப் பிரஷர் உண்டோ?