தங்கள் ஆலைப் பஞ்சும் என் பெயரில் எழுந்த புகையும்

ஹோம்புஷ், சிட்னி
19.03.2017, ஞாயிற்றுக்கிழமை

மதிப்பிற்குரிய சம்பந்தி திரு. சச்சிதானந்தன் அவர்களின் மேலான பார்வைக்கு, பழனிசாமி பணிந்து எழுதுவது. இங்கே நானும் கல்யாணியும் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் டாக்டர் சொன்ன எல்லைக்குள் வைத்துக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறோம். அங்கே தாங்களும் சம்பந்தியம்மாவும், சம்பந்தியம்மாவின் இடது முழங்காலும் (வலதா? குறித்து வைக்கத் தவறிவிட்டேன்) நலமாக இருக்க வேண்டுகிறேன். ராஜபாளையத்தில் வெயில் தொடங்கியிருக்கும். ஆலைக்குப் பஞ்சு வரத்து திருப்தியாக இருக்கும் என்று நம்புகிறேன்.

இதைத் தொலைபேசியிலேயே பேசியிருக்கலாம். ஆனால் தங்களோடு தொலைபேசியில் பேசும்போது "சரிங்க" என்பதைத் தவிர நான் வேறெதுவும் சொன்னதாக நினைவில்லை. எழுத்தில்தான் எனக்குக் கொஞ்சம் தைரியம் வரும்.

சென்ற ஞாயிறு நம் குடும்ப வாட்ஸப் குழுவில் என் புகைப்படத்துக்குக் கீழே தாங்கள் எழுதியதைப் படித்தேன். "சம்பந்தி, எழுபத்தோரு வயசுல இதெல்லாம் தேவையா? புகை பிடிக்கிறவங்க இருக்கிற வீட்டுல நான் கால் வைக்கிறதில்ல. கிரகப்பிரவேசத்துக்கு எங்களை எதிர்பார்க்க வேண்டாம்." நாற்பத்து மூன்று உறவினர்கள் படித்ததாகத் தெரிகிறது. என் மனம் கொதித்தது. கொதித்தது என்பது மிகையான சொல்லோ என்ற சந்தேகத்தில் உடனே ரத்த அழுத்தத்தை அளந்து பார்த்தேன்: 154/92. வழக்கமாக 136/84. ஆகவே சரியான சொல்தான். கெல்லிவில்லில் பிள்ளைகள் கட்டியிருக்கும் வீட்டுக்கு மே 21 அன்று பால் காய்ச்ச வேண்டும். மாப்பிள்ளையைப் பெற்றவர்கள் இல்லாமல் எப்படிக் காய்ச்சுவது என்று தங்கள் மருமகள் ஹரிப்பிரியா ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அதனால்தான் துணிந்து எழுதுகிறேன். நான் என் வாழ்நாளில் புகை பிடித்ததில்லை. மின்வாரியத்தின் மீட்டர் சோதனைக்கூடத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் இருந்தேன். அங்கே எல்லோரும் டீ குடிக்கப் போகும்போது அவர்களுடைய சிகரெட்டைக்கூட நான் பிடித்துக்கொண்டு நின்றதில்லை.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். மாப்பிள்ளை சஞ்சய் ஒரு கருவி வைத்திருக்கிறார். கைக்கடக்கமான ஒரு குழாய், அதற்குள் மின்கலம், மேலே ஒரு சிறு கிண்ணம், கிண்ணத்துக்குள் கம்பிச் சுருள், சுருளின் நடுவே பஞ்சுத் திரி. திரி ஒரு இனிப்புத் திரவத்தை உறிஞ்சிக்கொள்ளும். பித்தானை அழுத்தினால் சுருள் சூடாகி ஆவி வரும். அதை இழுத்து ஊதுவார்கள். வேப் என்பார்கள். இதில் யார் பெரிய மேகம் ஊதுகிறார் என்று இந்த ஊரில் போட்டியே வைக்கிறார்கள், சம்பந்தி. படித்தவர்கள் கலந்துகொள்கிறார்கள். மாப்பிள்ளை முதன்முறையாக அதில் பெயர் கொடுத்திருந்தார். சிகரெட்டை விடுவதற்காகத்தான் அவர் இந்தக் கருவியை வாங்கினார் என்று நான் சொல்ல மாட்டேன். சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். பதினோரு ஆண்டுகள், தினம் எட்டு என்ற கணக்கையும் ஆகவே நான் இங்கே குறிப்பிடவில்லை.

நான் இதில் ஏன் தலையிட்டேன் என்று தாங்கள் கேட்கலாம். மார்ச் முதல் வாரத்தில் ஒருநாள் அவர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சுருள் சுற்றிக்கொண்டிருந்தார். ஒரு ஸ்க்ரூடிரைவரைச் சுற்றிக் கம்பியைக் கண்ணை மூடிக்கொண்டு சுற்றுகிறார். தடை எவ்வளவு என்று கேட்டேன். "பாயிண்ட் ஒன் ஃபைவ் மாமா" என்றார், பெருமையாக. மின்கலம் முழுச் சார்ஜில் 4.2 வோல்ட். 0.15 ஓமால் வகுத்தால் 28 ஆம்பியர். மின்கலத்தின் உறையிலேயே 20 ஆம்பியர்தான் தாங்கும் என்று அச்சிட்டிருக்கிறது. இதை என் மகளின் கணவர் தம் பல்லிலிருந்து இரண்டு அங்குலத்தில் வைத்துக்கொண்டு பித்தானை அழுத்தப் போகிறார். வெடிக்கும் என்று மாப்பிள்ளையிடம் நேரடியாகச் சொல்லிவிட முடியுமா? பெண்ணைக் கொடுத்தவன் நான். "நான் ஒரு சுருள் சுத்திப் பாக்கட்டுங்களா?" என்று மட்டும் கேட்டேன். அதுதான் நான் செய்த குற்றம்.

ஐந்து நாளில் ஏழு சுருள் சுற்றினேன். ஒவ்வொன்றுக்கும் எண், சுற்றுகளின் எண்ணிக்கை, தடை, மேகத்தின் நீளம் எல்லாம் குறிப்பேட்டில் இருக்கின்றன. ஊதியவர் மாப்பிள்ளை, அளந்தவன் நான், அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்தவள் கல்யாணி. ஆறாவது சுருள் 0.25 ஓம், மின்கலத்துக்கும் ஆபத்தில்லை, மேகமும் நன்றாக எழுந்தது. ஆனால் வியாழக்கிழமை மாப்பிள்ளை வாங்கி வைத்திருந்த ஜப்பான் பஞ்சு தீர்ந்துவிட்டது. கடைக்குப் போக அவருக்கு நேரமில்லை. ஹரிப்பிரியாவின் முகம் துடைக்கும் பஞ்சை எடுத்துக்கொள்ளலாம் என்றார். மருந்து போட்டு வெளுத்த பஞ்சு அது. சூடானால் என்ன வருமோ. அப்போதுதான் பூஜை அலமாரியில் தாங்கள் ஆலையிலிருந்து அன்போடு அனுப்பிவைத்த திரிப் பஞ்சு நினைவுக்கு வந்தது. வெளுக்காத, மருந்து படாத, நல்ல பஞ்சு.

கல்யாணி திரியை இரண்டு டப்பாக்களில் வைப்பாள். ஒன்றில் வெறும் பஞ்சு, மற்றதில் நெய்யில் ஊறவைத்துக் கற்பூரம் தூவிய திரி. குழப்பம் வரக்கூடாதென்று நான்தான் பெயர் எழுதி ஒட்டினேன். மூடிகளில் ஒட்டினேன். டப்பாவில் ஒட்டியிருக்க வேண்டும். கழுவி வைக்கும்போது கல்யாணி மூடிகளை மாற்றிப் போட்டுவிட்டாள். இதில் அவள் மீது பிழையில்லை. மூடி என்பது மாறக்கூடியது என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். மூடியை நம்பி எடுத்தேன்; விரலெல்லாம் அந்த இனிப்புத் திரவம் ஒட்டியிருந்ததால் நெய்யின் பிசுபிசுப்பு எனக்குத் தெரியவில்லை.

மாலை நான்கு மணிக்கு, இல்லை, குறிப்பேட்டின்படி நான்கு இருபதுக்கு, ஏழாவது சுருளைச் சோதிக்கப் பித்தானை அழுத்தினேன். வாயில் வைக்கவில்லை; மேசை மேல் வைத்துத்தான் அழுத்தினேன். நெய்யும் கற்பூரமும் என்ன செய்யும் என்று தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கூரையிலிருந்த புகை உணரி அலறியது. கட்டடம் முழுவதும் அலறத் தொடங்கியது. ஐந்து மாடி ஜனமும் கார் நிறுத்தத்தில் இறங்கி நிற்கிறது. கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கல்யாணி அரக்குப் பட்டுச் சேலையில் நிற்கிறாள். இரண்டு தீயணைப்பு வண்டிகள் வந்துவிட்டன. பதற்றத்தில் நான் கருவியைக் கையிலேயே எடுத்து வந்துவிட்டேன். அது என் மோவாய்க்கு நேராக இன்னும் புகைந்துகொண்டிருந்தது. தீயணைப்பு அதிகாரி என் முன்னால் வந்து, இது உங்களுடையதா என்று கேட்டார். மாப்பிள்ளையுடையது என்று அத்தனை பேர் முன்னிலையில் சொல்ல முடியுமா, சம்பந்தி? "எஸ்" என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்த நொடியில்தான் மூன்றாம் மாடித் திலகம் படம் எடுத்துவிட்டார்.

திலகம் யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல பெண்மணி. அருகில் வந்து தணிந்த குரலில், "அங்கிள், இந்த வயசில உது என்ன பழக்கம்? பயப்பிடாதேங்கோ, நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்" என்றார். இது சோதனைதான் என்று விளக்கினேன். "ஓம் ஓம், எனக்கு விளங்குது" என்றார். விளங்கவில்லை. நாங்கள் மாடி ஏறி வருவதற்குள் படம் கட்டடக் குழுவில் இருந்தது. அதைப் பார்த்த கல்யாணி, பின்னணியில் தன் சேலையின் மடிப்பு நன்றாக விழுந்திருக்கிறதென்று நம் குடும்பக் குழுவுக்கு அனுப்பினாள். முன்னணியில் நான் இருப்பதை அவள் கவனிக்கவில்லை. நாற்பத்தாறு வருட வழக்கம் அது.

இத்தோடு விஷயம் முடிகிறது. என் மீது குற்றமில்லை என்பது தெளிவாகியிருக்கும். ஆனால் அந்தச் சனிக்கிழமைப் போட்டியில் நடந்த அக்கிரமத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பரமாட்டாவைத் தாண்டி ஒரு கிடங்கில் நடத்தினார்கள். கருப்புச் சுவரில் ஓர் அடிக்கு ஒரு கோடு. சுவரோரமாக இரண்டு பேர் நின்று ஊத வேண்டும். எவர் மேகம் அதிகக் கோடுகளைத் தாண்டுகிறதோ அவர் அடுத்த சுற்றுக்கு. நான் சீக்கிரமே போய்ச் சட்டைப்பையில் இருந்த நாடாவால் கோடுகளை அளந்தேன். நான்காம் கோட்டுக்கும் ஐந்தாம் கோட்டுக்கும் நடுவே இருபத்தேழரை சென்டிமீட்டர்தான்! யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல நான் யார்? முதல் சுற்றில் நம் மாப்பிள்ளை 1.48 மீட்டர். சரியான டப்பாவிலிருந்து எடுத்த தங்கள் பஞ்சு, சம்பந்தி. வெண்மையென்றால் அப்படி ஒரு வெண்மை, கிடங்கே கைதட்டியது. அரையிறுதியில் அவர் இழுத்து முடித்து ஊதுகிற நேரத்தில் எவனோ சாப்பாட்டு வண்டியை உள்ளே விட ஷட்டர் கதவைத் தூக்கினான். காற்று வந்தது. மேகம் கலைந்து போயிற்று. அந்தத் தாடிக்கார நடுவர் சுவரைக்கூடப் பார்க்காமல் எதிராளியின் கையைத் தூக்கிவிட்டார்.

எனக்குக் கிடைக்க வேண்டிய பதவி உயர்வு இரண்டு முறை கைநழுவியபோதும் நான் நாற்காலியை விட்டு எழுந்ததில்லை. அன்று எழுந்தேன். குறிப்பேட்டைப் பிடித்துக்கொண்டு நடுவரிடம் போய், கதவு திறந்தது, நேரம் மூன்று பதினாறு, மறுபடி ஊத விட வேண்டும் என்றேன். நீங்கள் யார், பயிற்சியாளரா என்றார். மாமனார் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். "ரிலாக்ஸ், மேட். இட்ஸ் ஒன்லி வேப்பர்" என்றார். வெறும் ஆவியாம். அப்படியானால் நடுவர் எதற்கு, சுவர் எதற்கு, கோடு எதற்கு? அளக்கத் தெரியாதவன் கோடு போடலாமா? வீட்டுக்கு வந்து பார்த்தேன்: 162/96.

திரும்பி வரும்போது மாப்பிள்ளை காரை வழக்கத்தைவிட மெதுவாக ஓட்டினார். நான் அவமானப்படுத்திவிட்டேனோ என்று பயந்தேன். பிறகு, "எங்கப்பா ஒரு நாள் கூட எனக்காக இப்படி எந்திரிச்சுப் பேசினதில்ல மாமா" என்றார். இதைத் தங்களுக்கு எழுதலாமா கூடாதா என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன். சுத்தப் பிரதியில் அடித்தல் வரக்கூடாது.

மே மாதம் தாங்கள் இருவரும் அவசியம் வர வேண்டும். தாங்கள் வந்து நிற்காமல் அந்த அடுப்பில் பால் பொங்காது. சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கங்கள். ஆலையில் எல்லோருக்கும் என் விசாரிப்பு. வாசலில் தாங்களே எழுதி மாட்டிய "புகை பிடிக்காதே" பலகைக்கும் என் மரியாதை.

தங்கள் அன்புள்ள
பழனிசாமி

பின்குறிப்பு: எதை எழுதினாலும் அனுப்புமுன் ஒருவரிடம் காட்டிச் சரிபார்ப்பது என் பழக்கம். மாப்பிள்ளையிடம் காட்டினேன். இரண்டாம் பக்கத்தில் அவர் முகம் வெளுத்துவிட்டது. "மாமா, அப்பாகிட்ட அந்தப் புகை உங்களதுன்னே சொல்லிடுங்க, ப்ளீஸ்" என்றார். மாப்பிள்ளை வாய்விட்டு ஒன்று கேட்கிறார், எப்படி மறுப்பது? ஆகவே மேலே உள்ள பக்கங்களைத் தாங்கள் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளவும். கிழித்துப் போட மனம் வரவில்லை. நான்கு நாள் எழுதியது. படத்தில் உள்ள புகை என்னுடையதுதான். எழுத்தில் பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லாததால், இதை உண்மையாக்குவதற்காக இன்று மாலை பால்கனியில் நின்று எட்டாவது சுருளில், நிக்கோட்டின் இல்லாத திரவத்தில், ஒரே ஒரு முறை இழுத்து ஊதினேன். பதினோரு நிமிடம் இருமினேன். 148/90, ஆனால் இது கோபத்தால் அல்ல. மேகம் 1.62 மீட்டர். அடுத்த போட்டி மே 27, கிரகப்பிரவேசத்துக்கு ஆறாம் நாள். மாப்பிள்ளை என் பெயரைக் கொடுத்துவிட்டார். தாங்கள் வரும்போது அதே மூட்டைப் பஞ்சில் ஒரு கிலோ கொண்டு வர முடியுமா? அது நீள இழையா, குட்டை இழையா என்பதையும் தெரிவிக்கவும். பஞ்சு விஷயத்தில் தங்களைவிட்டால் எனக்குக் கேட்க ஆளில்லை. கல்யாணி இனிமேல் நாடா பிடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். ஒரு முனை தங்களுக்காகக் காத்திருக்கிறது.