மசால் வடை தின்ற பேய்

தமிழ்ப் படங்களில் வரும் பேய்களுக்குப் பட்டணம் ஒத்துக்கொள்வதில்லை. பேய் என்றால் கிராமம், கிராமம் என்றால் ஏரிக்கரை, ஏரிக்கரையில் ஒரு பாழடைந்த கட்டடம், அதற்குள் ஒரு வெள்ளைச் சேலை. (பட்டணத்து வாடகை கட்டுப்படியாகாது போலிருக்கிறது.) உத்திரமேரூர் டூரிங் கொட்டகைக்கு வந்த பேய்ப் படம் ஒன்றைக்கூட நான் விட்டதில்லை. தாவணியால் முகத்தை மூடிக்கொண்டு அதற்குள்ளிருந்தே முழுப் படத்தையும் பார்த்துவிடுவேன். அப்பேர்ப்பட்ட வீராங்கனை ஒரு நாள் நானே பேயானேன். அதுவும் என்னைப் பெண் பார்க்க வந்த நாளில்.

தொண்ணூறுகளின் கடைசி. எங்கள் ஊர் ஏரிக்கரையில் மூடிக்கிடந்த அரிசி மில்லில் பேய்ப் படம் எடுக்க ஒரு கூட்டம் வந்து இறங்கியது. பேயாக நடிக்கும் நடிகைக்கு முடி தோள்வரைதான். சவுரி வைத்தால் காற்றில் தொப்பி மாதிரி தூக்கிக்கொண்டது. தூரத்துக் காட்சிகளுக்கு நீளமான முடியுள்ள பெண் வேண்டும் என்றார்கள். ஊரில் முழங்கால் வரை முடி எனக்குத்தான். ஷூட்டிங்காரர்களுக்குச் சாப்பாடு ஏற்பாடு செய்துகொண்டிருந்த என் அண்ணன், என்னைக் கேட்காமலே எனக்காக ஒப்புக்கொண்டு வந்துவிட்டான்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. ஐயங்கார்குளத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் சாயங்காலம் ஐந்து மணிக்கு வருவதாக ஏற்பாடு. அதற்கு முன் இரண்டு இடம் தட்டிப்போயிருந்ததால் நைனாவுக்கு ராத்திரித் தூக்கமே போயிருந்தது. எனக்கோ போட்டோவில் பார்த்த அந்த அடர்த்தியான மீசை ரொம்பவும் பிடித்துப்போயிருந்தது. இந்த இடமும் போய்விடக் கூடாதே என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன்.

"மத்தியானத்துக்குள்ள வுட்டுடுவாங்கம்மா" என்று அண்ணன் சத்தியம் செய்தான். அம்மாதான் என் தலையை அவிழ்த்து, எண்ணெய் வைக்காமல் வாரி அனுப்பினாள்.

முகத்தில் வெள்ளைப் பசை, கண்ணைச் சுற்றிக் கரி, வாயோரம் சிவப்புச் சாயம். மில் ஜன்னலில் நிற்க வைத்து, "கண்ணைச் சிமிட்டாதம்மா, பேய் சிமிட்டாது" என்றார் டைரக்டர். நான் சிமிட்டாமல் நின்றபோதெல்லாம் யாருடைய ஆடாவது குறுக்கே வந்து நின்றது. மத்தியானம் தாண்டியும் அந்த ஒரு காட்சி முடியவில்லை. பசி தாங்காமல் புளியமரத்தடியில் உட்கார்ந்து, முடியை ஒரு கையால் ஒதுக்கிக்கொண்டு மசால் வடை தின்றுகொண்டிருந்தேன். கரைமேல் ஒரு வேன் நின்றது. அதிலிருந்து இறங்கிய ஒருவர் என்னையே பார்த்துச் சிரித்தார்.

"இன்னா பாக்குறீங்க? பேய் நாஷ்டா துன்னக் கூடாதா?" என்றேன் வாய்த்துடுக்காக.

"துன்னுங்க, துன்னுங்க. எங்களைத் துன்னாம இருந்தா சரி" என்று சொல்லிவிட்டு அவர் வேனில் ஏறிப் போனார். மழமழவென்று சவரம் செய்த முகம்.

கொஞ்ச நேரத்தில் அண்ணன் டி.வி.எஸ். ஐம்பதில் விழுந்தடித்துக்கொண்டு வந்தான். "அடியே, மாப்ள வூட்டுக்காரங்க வந்துட்டாங்கடி!"

ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணி ராகுகாலம் என்பது இரண்டு வீட்டுக்கும் தோன்றவே இல்லை. காலையில் காலண்டரைக் கிழித்தபோதுதான் மாப்பிள்ளை வீட்டார் பார்த்திருக்கிறார்கள். மூன்று மணிக்கே வருவதாக எங்கள் தெரு மளிகைக் கடைக்குப் போன் செய்திருக்கிறார்கள். கடைக்காரர் கறி வாங்கப் போயிருந்தார்.

மேக்கப்காரரை எங்கே தேடியும் காணோம். நானே புத்திசாலித்தனமாக ஏரித் தண்ணீரில் முகத்தைக் கழுவினேன். வெள்ளை அப்படியே இருந்தது. கரி மட்டும் கரைந்து கன்னம் வரை வழிந்தது. அதுவரை சினிமாப் பேயாக இருந்தவள் அசல் பேயாகிவிட்டேன்.

கொல்லைப்பக்கமாக நுழைந்துவிடலாம் என்பது திட்டம். ஆனால் பெண் பார்க்க வரும் வீட்டுப் பொம்பளைகள் கூடத்தில் சும்மா உட்காருவார்களா? கொல்லைக்குப் போய்க் கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா, மாடு எத்தனை என்று நோட்டம் விட்டால்தான் அவர்களுக்குத் திருப்தி. நான் படலைத் தள்ளிக்கொண்டு நுழைய, மாப்பிள்ளையின் அம்மா மாட்டுக்குப் பின்னாலிருந்து எழ, இரண்டு பேரும் நேருக்கு நேர்.

ஒரு கத்தல். அடுத்த நொடி அவர் உடம்பு நடுங்கியது, கண் மேலே செருகியது. சாமி வந்துவிட்டது. வேப்பங்கிளையை ஒடித்து என்மேல் விளாச ஆரம்பித்தார்.

"யார்டீ நீ?"

"அத்தை, நான் இந்த வூட்டுப் பொண்ணுதான்..."

"அது தெரியும்டீ! வூட்டுப் பொண்ணு மேல ஏறிக்கினு கீறியே, நீ யாரு?"

வீடே கொல்லைக்கு ஓடி வந்தது. யாராவது ஷூட்டிங் என்று சொல்லுவார்கள் என்று பார்த்தேன். சாமி பேசும்போது யார் குறுக்கே பேசுவார்கள்? நைனா கற்பூரம் ஏற்றினார். காலையில் தன் கையால் எனக்குத் தலைவாரி அனுப்பிய அம்மா, "ஏரிக்கரையில நெசமாவே எதாச்சும் புடிச்சிக்கிச்சோ" என்று சந்தேகப்பட்டு, "எம்பொண்ணக் காப்பாத்து தாயே" என்று சாமி காலில் விழுந்தாள். அண்ணன் மாட்டுக்கு வைக்கோல் போடுவதில் மும்முரமாக இருந்தான்.

அப்போது என் காதருகே ஒரு குரல். "ஏங்க, போறேன்னு சொல்லிடுங்க. அப்பதான் எங்கம்மா வுடுவாங்க." திரும்பினால், மசால் வடையைப் பார்த்துச் சிரித்த அதே ஆள். மாப்பிள்ளை! மீசை எங்கே போயிற்று என்று கேட்க அது நேரமில்லை.

போறேன் என்று சொல்லிவிடலாம். சொன்னால் பேய் போய்விடும், கூடவே சம்பந்தமும் போய்விடும். பேய் பிடித்த பெண் என்ற பேர் உத்திரமேரூர் முழுக்கப் பரவ ஒரு சந்தை நாள் போதும். ஆனால் டூரிங் கொட்டகையில் கற்ற கல்வி கைவிடவில்லை. முடியை முன்னால் சரியவிட்டு, தலையைச் சுழற்றி, கரகரவென்ற குரலில் ஆரம்பித்தேன்.

"போறேன்... ஆனா நான் போயிட்டா இந்தப் பொண்ண யாரு பாத்துக்குவாங்க?"

சாமிக்கு ரோஷம் வந்துவிட்டது. "நான் பாத்துக்கறேண்டீ! என் வூட்டுக்கே இட்டுக்கினு போறேன்! நீ கெளம்பு!"

நான் மயங்கி விழுந்தேன். (மாட்டுச் சாணம் இல்லாத இடமாகப் பார்த்து.)

சாமி கொடுத்த வாக்கை யார் மீறுவது? அன்று மாலை ராகுகாலம் கழிந்ததும் தட்டு மாற்றிக்கொண்டார்கள். என் முடியில் ஒரு கற்றையை நறுக்கி, அந்தப் புளியமரத்திலேயே ஆணி வைத்து அடித்தார்கள். மறுநாள் டைரக்டர் பேயின் தலை ஒரு பக்கம் கட்டையாகிவிட்டதைப் பார்த்து அழாத குறை. அந்தப் படம் கடைசிவரை வெளிவரவே இல்லை.

இப்போது என் பிள்ளைகள் போனில் பேய் வீடியோ பார்க்கிறார்கள். கேமராவில் சிக்கிய உண்மைப் பேயாம். போன வாரம் என் மாமியாரும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கூட உட்கார்ந்து பார்த்தார். முடிந்ததும் உதட்டைப் பிதுக்கினார்.

"இதெல்லாம் பொய்ப் பேயிடா. நெசப் பேயி கிட்டக்க வந்தா இன்னா வாசனை அடிக்கும் தெரியுமா?"

"இன்னா வாசனை ஆயா?"

"மசால் வடை வாசனை."

இத்தனை வருஷமாக நான்தான் அவரை ஏமாற்றியதாக நினைத்துக்கொண்டிருந்தேன். "அத்தை! அப்போ உங்களுக்கு அன்னிக்கே தெரியுமா?"

"ரெண்டாவது அடியிலயே தெரிஞ்சிப்போச்சு" என்றார் மாமியார், கண்ணாடியைக் கழற்றியபடி. "அதுக்கு இன்னா பண்றது? வந்த சாமிய பாதியில நிறுத்த முடியுமா?"