அறைக்கு ஒரு பாட்டில்

"பெட்டியை இறக்குய்யா," என்று கத்திக்கொண்டே துறைமுகத்தில் தள்ளுவண்டிக்குப் பின்னால் ஓடினார் செக்கிங்.

வண்டிக்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சீட்டு ஒட்டியாச்சு ஐயா. இனிமே பெட்டியைக் கப்பல்ல உங்க ரூம் வாசல்லதான் பார்ப்பீங்க."

"உள்ளே மருந்து இருக்கு."

"என்ன மருந்து?"

"நெஞ்சு வலி மருந்து. நான் இங்கயே விழுந்தா நீதான் தூக்கணும்."

வண்டிக்காரர் அவருடைய உடம்பை மேலும் கீழும் பார்த்தார். வண்டி நின்றது.

நெஞ்சு வலியும் இல்லை, மருந்தும் இல்லை. பெட்டிக்குள்ளே நாலு பனியனும் ஒரு போர்வையும் சுற்றிக்கொண்டு ஒரு பாட்டில் ஒயின் படுத்திருந்தது.

ஆளைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பூட்டு ஃபாக்டரி கேட்டில் முப்பத்தோரு வருஷம் சோதனை போட்டவர். செக்கிங் என்பது அங்கே ஒட்டிய பெயர், வீடு வரைக்கும் கூடவே வந்துவிட்டது. ஷிஃப்ட் முடிந்து போகிற ஒவ்வொருத்தர் பையையும் கவிழ்ப்பார், பாக்கெட்டைத் தடவுவார், செருப்பைத் தட்டுவார், மழையே இல்லாவிட்டாலும் குடையை விரிக்கச் சொல்வார். முகத்தை மட்டும் பார்க்க மாட்டார். முகத்தைப் பார்த்தால் இரக்கம் வரும், பையைப் பார்த்தால் வராது.

ரிட்டையர் ஆன அன்றைக்கு மேனேஜர் மைக்கைப் பிடித்து, "இவர் நின்ன வரைக்கும் ஒரு பூட்டுகூட இந்த கேட்டைத் தாண்டலை" என்று சொல்லி இந்த பாட்டிலைக் கையில் கொடுத்தார். அதற்கு முன்னாலும் பின்னாலும் செக்கிங்கை யாரும் எதற்கும் பாராட்டியது கிடையாது. ஒன்பது வருஷம் அலமாரியில் வைத்துப் பூட்டினார். நாற்பதாவது கல்யாண நாளன்று நாம் ரெண்டு பேரும் உட்கார்ந்து குடிக்கலாம் என்று மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அந்த நாள் இன்றைக்குத்தான். கப்பல் டிக்கெட் மகள் எடுத்துக் கொடுத்தது.

மகள் போனில் சட்டதிட்டத்தைப் படித்தே காட்டினாள். "அப்பா, ரூமுக்கு ஒரு பாட்டில் ஒயின் விடறாங்க. மூடி திறக்காம இருக்கணும். கையில எடுத்துட்டுப் போகணும். பெட்டியில மட்டும் வச்சுடாதீங்க. பிடிச்சு வச்சுக்கிட்டு அஞ்சு நாள் கழிச்சு, இறங்கறப்பதான் தருவாங்க."

"கையில காட்டிட்டுப் போன்னு எவன் சொல்லுவான்? பிடுங்கறவன்தான் சொல்லுவான்."

"அப்படி இல்லப்பா."

"நானே எத்தனை பேருகிட்ட சொல்லியிருக்கேன், தானா எடுத்துக் கொடுத்தா ஒண்ணும் பண்ண மாட்டேன்னு. கொடுத்தவனை விட்டேனா?"

அதனால்தான் பெட்டிக்குள் போனது. பெட்டி வண்டியில் ஏறிய பிறகுதான் எட்டிப் பார்த்தார். எல்லாப் பெட்டியும் ஒரு மெஷினுக்குள் நுழைந்து வந்தது. பக்கத்தில் ஒருத்தன் டிவி மாதிரி ஒன்றைப் பார்த்தபடி, பாட்டில் உள்ள பெட்டிகளைக் காலால் ஓரம் தள்ளிக்கொண்டிருந்தான்.

பெட்டியில் இரண்டு பித்தளைப் பூட்டு. கம்பெனி முத்திரை இல்லாத மட்டச் சரக்கு. சந்தையில் மலிவாகக் கிடைத்ததென்று மனைவி என்றைக்கோ வாங்கி வந்தவை. சாவியும் அவளிடம்தான். அவள் வரிசையில் ஐம்பது பேருக்கு முன்னால், ஒரு கையில் சாப்பாட்டுக் கேரியரோடு நின்றாள். கூப்பிட்டதும் வரிசையை விட்டுவிட்டு வந்தாள்.

"நான்தான் அப்பவே சொன்னேனே," என்றாள்.

"நீ என்னைக்குச் சொல்லாம இருந்தே? சாவியைக் கொடு."

பாட்டிலை எடுத்துக்கொண்டு, பெட்டியை வண்டியிலேயே விட்டுவிட்டுத் தூண் மறைவுக்குப் போனார். காலோடு சேர்த்துக் கட்டுவது பழைய வித்தை. அப்படிக் கட்டிக்கொண்டு வந்த பதினேழு பேரைப் பிடித்தவர் அவர். பிடித்தவனுக்குக் கட்டத் தெரியாதா? மனைவி கழுத்தில் சுற்றியிருந்த துணியை வாங்கி, பாட்டிலை முழங்காலோடு வைத்து இறுக்கி, பேன்ட்டை மேலே ஏற்றிக்கொண்டார்.

கட்டு நன்றாகத்தான் இருந்தது. கால்தான் மடங்கவில்லை.

"நொண்டறீங்க."

"நடக்கறேன்."

"மரக்கால் வச்ச மாதிரி நடக்கறீங்க. எல்லாரும் பார்க்கறாங்க."

எல்லாரும் பார்க்கவில்லை. சீருடை போட்ட ஒரு பெண் மட்டும் பார்த்தாள். போதாதா? சக்கர நாற்காலியோடு ஓடி வந்துவிட்டாள்.

"உட்காருங்க ஐயா. வயசானவங்க வரிசையில நிக்கக் கூடாது."

"எனக்கு ஒண்ணும் இல்லை."

"நெஞ்சு வலிம்மா அவருக்கு," என்றார் அந்தப் பக்கமாக வந்த வண்டிக்காரர். உதவி செய்கிறாராம்.

தோளைப் பிடித்து உட்கார வைத்தார்கள். வலது கால் பீரங்கிக் குழாய் மாதிரி நேராக நீட்டிக்கொண்டு நின்றது. வரிசையில் இருந்தவர்களெல்லாம் பாவப்பட்டு வழிவிட்டார்கள். நாற்காலி நேராக டாக்டர் மேஜைக்குப் போனது. அவருடைய ஆயுளிலேயே இவ்வளவு சீக்கிரம் அவர் டாக்டரைப் பார்த்ததில்லை, வேண்டும் என்றபோது ஒருநாளும் கிடைக்காத டாக்டர்.

"கால் மடங்கலையா? எத்தனை நாளா?"

"இப்பத்தான்."

"இப்பத்தானா? நெஞ்சு வலி வேறயா?" டாக்டரம்மா எழுந்துவிட்டார். "ரத்தம் கட்டியிருக்கலாம். பேன்ட்டைக் கழட்டுங்க, பார்த்துடறேன். சரியில்லைன்னா ஏத்த மாட்டேன். நடுக்கடல்ல ஏதாவது ஆனா நான் ஆஸ்பத்திரிக்கு எங்கே போறது?"

செக்கிங்குக்கு வேர்த்தது. பாட்டிலைக் காப்பாற்றப் போய் இப்போது கப்பலே கைவிட்டுப் போகிற மாதிரி இருந்தது.

"மொதல்ல பாத்ரூம் போகணும்."

மனைவிதான் தள்ளிக்கொண்டு போனாள். வாசலில் அவள் கையில் இருந்த கேரியரைப் பார்த்தார். பார்த்ததும் முகம் தெளிந்தது. அப்படி அவர் முகம் தெளிந்தால் வீட்டில் யாருக்கோ வேலை வரப்போகிறது என்று அர்த்தம்.

"அதைக் கொடு."

"பாத்ரூமுக்கு எதுக்குங்க கேரியர்?"

"ஒயினை இதுல ஊத்தப் போறேன். எவர்சில்வருக்குள்ள அந்த மெஷினுக்குக் கண் தெரியாது."

அவள் கேரியரை மார்போடு அணைத்துக்கொண்டாள். "எதுல வேணா ஊத்துங்க. இதுல வேண்டாம்."

"ஏன்?"

"கறை பிடிக்கும்."

"எவர்சில்வர்ல ஏதுடி கறை? இங்க பாரு. முப்பத்தோரு வருஷத்துல அந்த கேட்ல நான் திறந்து பார்க்காத ஒரே பாத்திரம் இதுதான். மத்தியானம் நீ சாப்பாடு கொண்டு வருவே. நான் சாப்பிடுவேன். கேன்டீன் பொண்ணு கழுவித் தரும். நீ வாங்கிட்டுப் போவே. எவனாவது திறந்தானா? சோதனை போடறவன் சாப்பாட்டை எவனும் சோதிக்க மாட்டான்."

"இங்க நீங்க சோதனை போடறவர் இல்லையே."

"கேரியர் அதேதானே. அதுக்குப் பழக்கம் இருக்கு."

அவள் முகம் வெளுத்தது. பயந்த சுபாவம், சரி போ என்று நினைத்து அவர் அதைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டார்.

மேல்தட்டில் ரொட்டி. கீழ் இரண்டு தட்டிலும் அவித்த முட்டை, ஆறு. முட்டைகளைச் சட்டைப் பாக்கெட்டிலும் பேன்ட் பாக்கெட்டிலுமாகப் பிரித்துப் போட்டார். கார்க்கைப் பிடுங்க ஒன்றும் இல்லை. பாக்கெட்டில் கிடந்த பல் தேய்க்கிற பிரஷ்ஷின் காம்பை வைத்து உள்ளுக்குள் குத்தினார். ஒன்பது வருஷம் அடைபட்டுக் கிடந்த ஒயின் சும்மா இருக்குமா? பீறிட்டு அவர் தொடையில் அடித்தது. மிச்சத்தை இரண்டு தட்டிலும் ஊற்றி மூடி, காலி பாட்டிலைக் குப்பைத் தொட்டியில் காகிதத்துக்கு அடியில் புதைத்தார்.

கொஞ்சம் நிதானமாக யோசியுங்கள். மூடி திறக்காத ஒரு பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு, கூழைக் கும்பிடுகூடப் போடாமல் உள்ளே போயிருக்கலாம். அதைத் திறந்து, பாத்திரத்தில் ஊற்றி, உருப்படியாக இருந்த ஒன்றைத் திருட்டுச் சரக்காக்கிக்கொண்டு வந்தார் மனுஷன். புத்திசாலிக்குத்தான் இவ்வளவு வேலை.

வெளியே வந்ததும் சக்கர நாற்காலிப் பெண் அலறாத குறை. "டாக்டர், ரத்தம்."

டாக்டரம்மா ஓடி வந்து குனிந்து பார்த்தார். பார்த்தவர் இன்னும் கொஞ்சம் குனிந்து மோந்தார்.

"நடந்து வர்றீங்களே. கால் மடங்குதா?"

"மடங்குது."

"எப்படிச் சரியாச்சு?"

"ஆண்டவன் செயல்."

"ஐயா, இருபது வருஷமா டாக்டரா இருக்கேன். திராட்சை வாசனை வர்ற ரத்தத்தை இன்னைக்குத்தான் பார்க்கறேன்." சிவப்புச் சீட்டு ஒன்றில் கையெழுத்துப் போட்டு நீட்டினார். "உடம்புக்கு ஒண்ணும் இல்லை. மத்ததை அந்தச் சோதனை ரூம்ல பார்த்துக்கட்டும்."

கப்பல் ஒரு முறை ஊதியது. கப்பலில் ஏறுகிற படியை எடுக்க இன்னும் அரை மணி நேரம்தான் என்றார்கள்.

அந்த அறையில் ஒரு மேஜை, ஒரு சோதனைக்காரன், சுவரோரம் ரிஜிஸ்டர் எழுதிக்கொண்டு ஒரு மேற்பார்வைக்கார அம்மா. நாற்பத்தஞ்சு வயசு இருக்கும். செக்கிங் வழக்கம்போல அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

சோதனைக்காரன் பாக்கெட்டில் கைவிட்டான். "இது என்ன?"

"முட்டை."

"எத்தனை?"

"ஆறு."

"அஞ்சுதான் இருக்கு."

"ஒண்ணு உடைஞ்சிருக்கும். நல்லாத் தேடு."

அவன் கையைத் துடைத்துக்கொண்டு, "சரி, போதும்," என்றான். அதோடு விட்டிருக்கலாம். செக்கிங்கால் முடியவில்லை.

"செருப்பைத் தட்டலையே நீ."

"என்ன?"

"காலரை மடிச்சுப் பார்க்கலை. பெல்ட்டுக்குப் பின்னாடி பார்க்கலை. இப்படியா சோதனை போடறது? என்கிட்ட இருந்திருந்தா மறுநாளே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்."

"ஏங்க, சும்மா இருங்களேன்," என்றாள் மனைவி.

சோதனைக்காரன் அவரை ஒரு தினுசாகப் பார்த்தான். செருப்பைத் தட்டினான். காலரை மடித்தான். பெல்ட்டை உருவினான். பிறகு மேஜை மேல் இருந்த கேரியர் பக்கம் திரும்பினான். "இதையும் பார்த்துடலாம். சரக்கைப் பாத்திரத்துல மாத்திக் கொண்டு வந்தா ரெண்டு பேரையும் இறக்கி விட்டுடுவோம், தெரியும்ல?"

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

"நிமிர்ந்து நில்லு," என்று முணுமுணுத்தார் செக்கிங். "குனிஞ்சா மாட்டினோம்னு அர்த்தம்." பிறகு தொண்டையைக் கனைத்தார். வேறு வழி இல்லை. மிச்சம் இருந்த ஒரே சொத்தை எடுத்து வைத்தார்.

"தம்பி, முப்பத்தோரு வருஷம் பூட்டு ஃபாக்டரி கேட்ல நின்னவன் நான். ஒரு பூட்டு தாண்டினதில்லை. மேனேஜரே மைக்ல சொன்னாரு. என் பாத்திரத்தை இதுவரைக்கும் எவனும் திறந்ததில்லை."

ரிஜிஸ்டர் எழுதிய பேனா நின்றது. மேற்பார்வைக்கார அம்மா எழுந்து வந்தாள். முதலில் அவரைப் பார்த்தாள். பிறகு கேரியரின் அடித்தட்டில் இருந்த நெளிவை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு தலை குனிந்து நின்றவளை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நீ அடுத்த ஆளைப் பாரு," என்றாள் சோதனைக்காரனிடம். "இதை நான் பார்த்துக்கறேன்."

அவன் போனான். அவள் கேரியரைத் திறக்கவே இல்லை. "சோதித்தாகிவிட்டது" என்ற பச்சைச் சீட்டை மூடியில் ஒட்டி அழுத்தினாள்.

செக்கிங்குக்கு நெஞ்சு நிமிர்ந்தது. காலையிலிருந்து பட்ட பாடெல்லாம் மறந்துபோனது. "பார்த்தியா?" என்றார் மனைவியிடம். "நேர்மையா இருந்தவனுக்கு எங்க போனாலும் மரியாதை இருக்கு."

மேற்பார்வைக்கார அம்மா கேரியரைத் தூக்கி, மனைவியின் கையில் வைத்தாள்.

"என்னக்கா, இன்னும் இதே கேரியர்தானா? கேன்டீன்ல நான் கழுவித் தர்றப்ப கீழ்த்தட்டுல பூட்டு இருக்கும், இப்ப ஒயினா?"