“கனித”க் கண்காட்சியும் ஏழு பாலமும்

கேதீச்சரநாதர் துணை

மன்னார்,
12.10.2024

என் அன்பு மகள் வேணுஜாவுக்கு, அப்பா சீவரத்தினம் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அம்மாவும் குறைவில்லாமல் இருக்கிறோம். பேராதனைக் குளிரில் நீயும் அவ்வண்ணமே இருக்க வேண்டுகிறோம். கடந்த ஆறாம் திகதி நீ எடுத்த தொலைபேசி அழைப்புச் சார்பாக இக்கடிதம் எழுதப்படுகிறது.

அன்று நீ, இரண்டாம் வருடக் கணிதத்தில் ஒரு பாடம் பெயில், “எனக்குக் கணக்கு ஏலாது அப்பா, விட்டிட்டு வாறன்” என்று அழுதாய். நான் “ம்” என்றேன். கொஞ்சம் பொறுத்து இன்னொருமுறை “ம்” என்றேன். மூன்றாவது “ம்” சொல்லும்போது இணைப்பு அறுந்துவிட்டது. அன்று தொடக்கம் உன் அம்மா என்னோடு முகங்கொடுத்துக் கதைக்கவில்லை. “பிள்ளை அழேக்க ம் எண்டு கேட்டுக்கொண்டிருக்க இது என்ன தேவாரமோ” என்று மட்டும் ஒருமுறை கேட்டா. கதைக்க வராதவன் எழுதத்தானே வேணும். முதலில் ஒரு விடயம். நான் ஓ.எல். பரீட்சையில் கணக்கில் இரண்டுதரம் பெயில். மூன்றாந்தரம் மயிரிழையில் தப்பி, அந்தச் சான்றிதழோடுதான் இந்த நூலகத்துக்குள் வந்து இருபத்தொன்பது வருடம் ஒளித்திருக்கிறேன். இது அம்மாவுக்கும் தெரியாது. தெரியப்படுத்த வேண்டாம்.

அப்படிப்பட்ட என்னை அதிபர் கூப்பிட்டு, “கல்லூரி நூலகத்தில கணிதப் புத்தகம் ஒண்டையும் பிள்ளையள் தொடுறதில்லை, நீங்கள் மூண்டு நாள் கணிதக் கண்காட்சி வையுங்கோ சீவரத்தினம்” என்றார். நான் பதிவேட்டைப் பார்த்தேன். மூன்று வருடத்தில் கணித அலுமாரியிலிருந்து வெளியே போனது ஒரேயொரு புத்தகம். அதுவும் அலுவலகக் கதிரைக்கு முட்டுக் கொடுக்கப் போனது. சரியென்று பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கட்டப் பெரிய பனர் ஒன்று அடிக்கக் கொடுத்தேன். அடித்தவர் “ணி”க்குப் பதிலாக “னி” போட்டுவிட்டார். “கல்லூரி நூலகத்தில் மாபெரும் கனிதக் கண்காட்சி, அனைவரும் வருக.” அது கட்டி முடிந்து, முதல்நாள் காலையில் மூன்று பேர் நூலகத்துக்கு வந்து, “ஐயா, தோடங்கன்று குடுக்கிறியளோ, கொய்யா மட்டுந்தானோ” என்று கேட்டபோதுதான் எனக்கு விளங்கியது. கழற்ற ஆள் அனுப்பினேன். ஏணி கிடைக்கவில்லை. பனர் மூன்று நாளும் அங்கேயே தொங்கியது.

புத்தகங்களை மேசையில் பரப்பி வைத்தால் ஒருவரும் பார்க்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும், நானே பார்க்க மாட்டேன். அதனால் ஒரு புத்தகத்தில் முப்பத்தோராம் பக்கத்தில் இருந்த புதிரை நூலக விறாந்தையில் வெள்ளைப் பெயின்றால் பெரிதாகக் கீறினேன். நாலு துண்டு நிலம், அவற்றைத் தொடுக்கிற ஏழு பாலம். எங்கே வேண்டுமானாலும் தொடங்கலாம். ஏழு பாலத்தையும் நடந்து முடிக்கவேணும், ஒன்றிலும் இரண்டாந்தரம் ஏறக்கூடாது. முடிப்பவருக்குப் பரிசு ஒரு சுவர் மணிக்கூடு.

பிள்ளை, நீ அந்த விறாந்தையைப் பார்த்திருக்கவேணும். முதல்நாள் பள்ளிப் பிள்ளையள் நடந்தார்கள். இரண்டாம் நாள் பேசாலையிலிருந்து, சொந்தமாக வள்ளமும் வலையும் வைத்திருக்கிற ஒரு சம்மாட்டியார் இரண்டு மகன்களோடு வந்து, சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு ஒன்றரை மணித்தியாலம் நடந்தார். நேவிக்காரர் இரண்டு பேர் வந்து தங்களுக்குள்ள சிங்களத்தில சண்டை பிடிச்சுக்கொண்டு நடந்தினம். பின்னேரம் கேற் திறந்து கிடந்ததால கழுதை ஒண்டும் உள்ளுக்க வந்து ஆறு பாலம் கடந்து ஏழாவதைப் பாத்துக்கொண்டு நிண்டிட்டுது. சனம் மூச்சு விடாமல் பாத்துக்கொண்டு நிண்டது. ஆனால் அது வந்த பாலத்தாலயே திரும்பிப் போட்டுது. எல்லாரும் ஆறு வரைக்கும் வருகினம், ஏழாவது மிஞ்சுது. சனத்துக்குக் கோபம் வரத் தொடங்கிச்சுது. எனக்கு மட்டும் சந்தோசம், ஏனெண்டால் வெயிலுக்கு ஒதுங்கின ஆக்கள் உள்ளுக்க வந்து புத்தகமும் புரட்டிச்சினம்.

மூண்டாம் நாள் காலமை அதிபர் என்னைக் கூப்பிட்டார். கையில அந்தப் புத்தகம். முப்பத்திரண்டாம் பக்கம் திறந்தபடி. “சீவரத்தினம், நீங்கள் அடுத்த பக்கம் படிச்சனீங்களோ?” நான் படிக்கேல்லை. அதில எழுதியிருந்தது, இந்தப் புதிருக்கு வழி இல்லவே இல்லை எண்டு. அதிபர் சத்தம் போடேல்லை, அதுதான் பயம். “விடையில்லாத கணக்குக்கு மணிக்கூடு குடுக்கிறம் எண்டு ஊரை மூண்டு நாள் நடக்க விட்டிருக்கிறம். இரண்டு மணிக்கு வலயக் கல்விக் கந்தோரில இருந்து மிஸ் வாறா. நீங்களே எல்லாருக்கும் முன்னால பிழை எண்டு சொல்லி, அந்தப் பெயின்றையும் அழியுங்கோ.” நான் கணக்கு மாஸ்ரர் கொன்ஸ்ரன்ரைனிட்ட ஓடிப்போய், “சேர், உங்களுக்கு இது தெரியாதோ?” எண்டு கேட்டன். அவர் தேத்தண்ணியை ஆறுதலாய்க் குடிச்சிட்டு, “முதல்நாளே தெரியும். எங்கட நூலகத்தில இவ்வளவு சனத்தை நான் பாத்ததில்லை. அதுதான் சொல்லேல்லை” எண்டார்.

இரண்டு மணிக்கு மிஸ் வந்து கதிரையில இருந்தா. நான் எழும்பி நிண்டன். விறாந்தை நிறையச் சனம். ஓ.எல். பெறுபேறு பாக்கப் போய்ப் பெயில் எண்டு கண்டு, வீட்டுக்குப் போகாமல் கடற்கரையில நிண்ட அந்தப் பின்னேரம் அப்பிடியே திரும்பி வந்தமாதிரி இருந்தது. அப்ப பின்னால இருந்து ஒரு பொம்பிளைக் குரல். “சேர், இது ஏலாது.”

அவவின்ர பெயர் நுஸ்ரியா. சிலாவத்துறை. ஒரு நாப்பது வயசு வரும். பஸ்ஸில வரேக்க பனரைக் கண்டு மாங்கன்று வாங்கலாமெண்டு உரப்பையோட வந்தவவாம், திரும்பிற பஸ் மூண்டு மணிக்கெண்டு பத்து மணியிலிருந்து மூலையில குந்தியிருந்து, நடக்கிறவையைப் பாத்துக்கொண்டே இருந்தவ. சம்மாட்டியார் அண்டைக்கும் வந்திருந்தார். “மூண்டு நாளா நடந்த எங்களுக்குத் தெரியாததை நீங்கள் இருந்துகொண்டு சொல்லுறியளோ?” எண்டு சிரிச்சார். அவ கோபப்படேல்லை. எழும்பி வந்து ஒரு நிலத்தைக் காட்டினா.

“இதை ஒரு வீடு எண்டு நினையுங்கோ. மூண்டு வாசல். ஒரு வாசலால உள்ளுக்கு வாறன், மற்றதால வெளிய போறன், மூண்டாவதால திரும்பி வந்தா உள்ளுக்க மாட்டுப்பட்டன். போக வாசல் மிச்சம் இல்லை. அப்ப இந்த வீட்டில தொடங்கவேணும், இல்லாட்டி முடிக்கவேணும். சரிதானே?”

“ஓம்” எண்டார் சம்மாட்டியார்.

“அந்த வீட்டுக்கும் மூண்டு வாசல். அதுக்கும் மூண்டு. நடுவில இருக்கிறதுக்கு அஞ்சு, அங்கயும் வாசல் சோடி சேராது. நாலு வீடும் அப்பிடித்தான். தொடக்கம் ஒண்டு, முடிவு ஒண்டு. மிச்ச இரண்டு வீட்டையும் என்ன செய்யிறது? ஆர் நடந்தாலும் ஏலாது.”

சம்மாட்டியார் குனிஞ்சு வாசல்களை விரலால எண்ணினார், திரும்பவும் எண்ணினார், பிறகு மடிச்சுக் கட்டின சாரத்தை இறக்கி விட்டார். கொன்ஸ்ரன்ரைன் சேர் மெல்லமாய், “இதுதான் நிரூபணம். பெரிய கணித மேதை எழுதி வைச்சதும் இதுதான்” எண்டார். அதிபர், மணிக்கூடு கடக்கிறவருக்கெல்லோ எண்டு இழுத்தார். வலயத்து மிஸ், “கடக்கேலாது எண்டு காட்டினவவுக்குக் குடுங்கோ” எண்டா.

நுஸ்ரியா மணிக்கூட்டை வாங்கேல்லை. வீட்டில இரண்டு இருக்காம், இரண்டும் வேற வேற நேரம் காட்டுதாம். “இந்தப் புத்தகத்தைக் கொண்டுபோகலாமோ?” எண்டு கேட்டா. புத்தளத்தில அகதி முகாமில இருந்து ஓ.எல். படிச்சவவாம், கணக்கில ‘ஏ’. மேல படிக்கக் கிட்டப் பள்ளிக்கூடம் இல்லை, கலியாணம் முடிச்சு வைச்சிட்டினமாம். நூலகம் பிள்ளையளுக்கும் ஆசிரியருக்கும் மட்டுந்தான், வெளியாருக்குப் புத்தகம் குடுக்கச் சட்டமில்லை. இருபத்தொன்பது வருசத்தில முதற்தரம் என்ர பெயரில ஒரு கணக்குப் புத்தகம் பதிஞ்சன்.

பெயின்ற் இன்னும் போகேல்லை. மண்ணெண்ணெய் போட்டும் தேய்ச்சுப் பாத்தன்.

பிள்ளை, நீயும் ஏலாது எண்டு சொன்னாய், அவவும் ஏலாது எண்டு சொன்னா. அவ நாலு மணித்தியாலம் பாத்துக்கொண்டிருந்து, ஏன் எண்டும் சேர்த்துச் சொன்னா. உன்னுடையது அப்படிப்பட்டதா, அழுகையில் வந்ததா என்பதை நீதான் அறிவாய். நான் வற்புறுத்தவில்லை. வருவதென்றால் வா, அம்மாவை நான் சமாளிப்பேன். அறையைக் கூட்டி வைத்திருக்கிறேன். எது செய்தாலும் சாப்பாட்டை விடாதே. உன் அம்மாவின் அன்பும், வாயால் சொல்ல வராத என் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு.

இப்படிக்கு,
உன் அப்பா,
க. சீவரத்தினம்,
நூலகர்

பி.கு.: தபாற்கந்தோர் பூட்டென்றதால் கடிதம் திங்கட்கிழமைவரை மேசையில கிடந்தது. இண்டைக்குக் காலமை நுஸ்ரியா புத்தகத்தோட வந்தவ. ஆறாம் அத்தியாயத்தில நாலு கணக்கு விளங்கேல்லையாம். கொன்ஸ்ரன்ரைன் சேர் பாத்திட்டு, இது கம்பஸில படிக்கிற பிள்ளையளைத்தான் கேக்கவேணும் எண்டார். வாய்தவறி, என்ர மகள் கிழமைக்கொருக்கா எழுதி அனுப்புவாள் எண்டு சொல்லிப்போட்டன். கேள்விகளை இத்துடன் இணைத்திருக்கிறேன். ஆகையால் வருவதென்றால் வா என்று மேலே எழுதியதை வெட்டிவிடவும். அடுத்த கிழமை வியாழன் பஸ்ஸில அவ வருவா, அதுக்கிடையில மறுமொழி வேணும். நீ ஒரு பாடத்தில பெயில் எண்டதையும் அவவுக்கு மறைக்கேல்லை. “அப்ப நல்லம் சேர், அவவிட்டக் கேக்க எனக்கு வெக்கமில்லை” எண்டா.