மூணு பேரைக் கேட்டாச்சா?

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்ததற்கு நிகரான திருப்பம், அந்த செப்டம்பரில் கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தின் ஒரு சிறிய பள்ளியில் நிகழ்ந்தது: ஒன்பதாம் வகுப்புக்குக் கணினி அறிவியல் பாடமாக வந்தது. அதை நடத்தும் பொறுப்பு ஐஸ் ஹாக்கி பயிற்சியாளர் லைல் கோவல்ச்சுக்கின் தலையில் விழுந்தது. அந்தப் பாடவேளையில் அவர்தான் சும்மா இருந்தார்.

"எனக்கு ஈமெயிலே என் பொண்டாட்டிதான் பாத்துச் சொல்றா, மார்லீன்" என்றார் தலைமையாசிரியையிடம்.

"முடியாதுன்னா சொல்லிடுங்க லைல். அடுத்த வருஷம் ஒரு ஆளைக் குறைக்கச் சொல்லியிருக்காங்க."

லைல் அவசரமாகத் தலையாட்டினார். வீட்டில் சொன்னபோது மனைவி டோரீன் சிரித்த சிரிப்பில் சூப் சிந்தியது. "கம்ப்யூட்டரா? நம்ம மைக்ரோவேவ்ல மணியே நீங்க இன்னும் சரி பண்ணல!"

முதல் நாள் பிள்ளைகளைப் பார்த்ததுமே பயம் பிடித்துக்கொண்டது. ஏதாவது கேட்டுத் தொலைத்தால்? திரைகள் தன் கண்ணில் படாதபடி மேசைகளைத் திருப்பிப் போட்டார். பார்த்தால்தானே பதில் சொல்ல வேண்டும்! பிறகு விசிலை ஊதிச் சட்டம் போட்டார்.

"சந்தேகம் வந்தா முதல்ல மூணு பேரைக் கேக்கணும். அப்புறம்தான் என்கிட்ட. தடுமாறிக் கத்துக்கிறதுதான் படிப்பு!"

விசைப்பலகைகள் படபடத்தன. லைல் மூச்சுவிட்டார்.

மறுவாரம் டெஸ்ஸா என்ற பெண் கை தூக்கினாள். "மூணு பேரைக் கேட்டுட்டேன், மிஸ்டர் கே."

பிள்ளைகளுக்கு 'மிஸ்டர் கே' ஆகிவிட்ட லைல் விசிலைத் தூக்கினார். "அஞ்சு பேர்!"

ஐந்து ஏழானது. ஏழு, வகுப்பு மொத்தமும் என்றானது.

கதவுக்கு வெளியே நின்று கேட்ட மார்லீன் உருகிப்போனார். ஆசிரியர் வாயே திறக்கவில்லை, பிள்ளைகள் கையோ ஓயவே இல்லை! செய்தி மேலே போயிற்று. முதல் பனி விழுந்த அன்று கல்வி அதிகாரி வின்ஸ்லோ டை கட்டிக்கொண்டு வந்து இறங்கினார்.

"என்னா வேகம்! இந்த முறைக்கு என்ன பேரு?"

"சுய... தேடல்" என்றார் லைல், வாயில் வந்ததை.

"பிரமாதம்! மாவட்டம் பூரா கொண்டு போறோம். வாத்தியார்களுக்கெல்லாம் நீங்கதான் பயிற்சி குடுக்கணும்."

லைல் கதவைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து டெஸ்ஸா எழுந்தாள்.

"எல்லாரையும் கேட்டாச்சு, மிஸ்டர் கே."

"வந்திருக்கிற... விருந்தாளியைக் கேட்டியா?"

அதிகாரியின் முகம் சுண்டிப்போயிற்று. ஓரடி பின்வாங்கினார். "நான் நிர்வாகம் மட்டும்தாம்மா."

மார்லீன் அவசரமாக ஜன்னல் வழியே பனியை ரசிக்கத் தொடங்கினார்.

இனி ஓட வழியில்லை. போயிற்று வேலை. லைல் கண்ணை மூடிக்கொண்டார். "சரி, கேளு."

"பாஸ்வேர்டு என்ன, மிஸ்டர் கே? செப்டம்பர்லேருந்து குத்துமதிப்பா அடிச்சுப் பாக்குறோம், ஒருத்தரும் இன்னும் உள்ள போகல."